ஏழு நிமிடம் நாற்பது விநாடி

இரண்டு வருடம் நான் சண்டைக்கு நேரம் குறித்துச் சம்பளம் வாங்கினேன். தி. நகரில் துணிக்கடைக் கிடங்காக இருந்த ஒரு மாடியைத் தடுத்து ஸ்டூடியோ ஆக்கியிருந்த தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி அது. சாயங்காலம் ஏழு மணி விவாதத்துக்கு நாலு பேர் வருவார்கள். யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று விநாடி சுத்தமாக எழுதிவைக்க ஒரு ஆள் வேண்டும். தேர்தல் நெருங்கினால் ஒவ்வொரு கட்சியும் "எங்களுக்கு நேரம் தரவில்லை" என்று வரிந்து கட்டிக்கொண்டு வரும். அவர்கள் வாயை அடைக்க நிர்வாகத்துக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. அதை எழுதத்தான் என்னை எடுத்தார்கள்.

அதற்கு முன் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பேச்சுப் போட்டி என்றால் மணி அடிக்க என்னைத்தான் உட்கார வைப்பார்கள். நாலாம் நிமிடம் ஒரு மணி, ஐந்தாம் நிமிடம் இரண்டு மணி. தாளாளர் பேரனாக இருந்தாலும் இரண்டாவது மணிக்கு மேல் ஒரு வாக்கியம் பேச விடமாட்டேன். கறார் பேர்வழி என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் செய்தி ஆசிரியர், "எப்படி மேடம் எண்ணலாம்?" என்று கேட்டார். விதியைச் சொன்னது நான்தான். நெறியாளர் ஒருவரைக் கூப்பிட்டதும் அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்கும். அடுத்தவரைக் கூப்பிடும்வரை நிற்காது. நடுவில் தும்மினாலும், தண்ணீர் குடித்தாலும், பேச்சு மறந்து முழித்தாலும் அது அவர் நேரம்தான். பேச்சுப் போட்டியில் அப்படித்தான் எண்ணுவோம், அதைவிடச் சுத்தமான கணக்கு கிடையாது என்றேன். அவருக்குப் பரம சந்தோஷம். பெரிய எழுத்தில் அச்சடித்துக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். பேச்சுப் போட்டியில் ஒரு பிள்ளை பேசும்போது மற்ற மூன்று பிள்ளைகள் எழுந்து கத்துவதில்லை என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஸ்டூடியோவுக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் என் மேஜையில் நாலு பொத்தான். அந்தப் பக்கம், கேமராவில் விழாமல் விருந்தினர்கள் கண்ணில் மட்டும் படுகிற மாதிரி, நாலு சிவப்பு எண்கள் ஓடும். என் பக்கத்து நாற்காலியில் ஒலிக்காரர். ஒளிபரப்பில் போகக்கூடாத சொற்களின் பட்டியல் ஒன்று அவரிடம் இருக்கும். நிகழ்ச்சி சில விநாடி தாமதமாகத்தான் வெளியே போகும். அந்த இடைவெளியில் கெட்ட வார்த்தையின் மேல் ஒரு 'பீப்' வைத்து மறைத்துவிடுவார். நியாயத்துக்கு நான், கண்ணியத்துக்கு அவர் என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம்.

அன்றைக்குத் தலைப்பு, ஆற்றங்கரையிலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தியது சரியா தவறா என்பது. ஒரு கட்சியின் பேச்சாளர், அவருக்கு எதிர்க்கட்சிப் பேச்சாளர், ஒரு அரசியல் விமர்சகர். மூவரும் வாரத்தில் நாலு நாள் வருபவர்கள். கேமரா முன்னால் கீரியும் பாம்பும், மேக்கப் அறையில் ஒரே தட்டில் மிக்சர். நாலாவதாக ஒரு பெண்மணி. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். அடையாற்றங்கரையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, குடிசையை இடித்த பிறகு ஊருக்கு வெளியே ஏழாவது மாடியில் அரசு வாரியம் ஒதுக்கிய வீட்டுக்குப் போனவர். ஆனால் பிழைப்பு பழைய இடத்தில்தான். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு தெருமுனையில் இட்லிக் கடை போடுவார். கரைக்கு அது கூப்பிடு தூரம்.

முதல் கட்சிப் பேச்சாளர் நல்ல தமிழில் ஆரம்பித்தார். "இந்தச் சகோதரி மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அரசு கொடுத்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இவர்கள் மீண்டும் ஆற்றங்கரைக்கே வந்துவிடுகிறார்கள். ஏன், இந்தச் சகோதரியையே தினமும் காலையில் அங்கே பார்க்கலாமே."

ஒலிக்காரர் கை அசையவில்லை. அசைய என்ன இருக்கிறது? பட்டியலில் உள்ள சொல் ஒன்றுகூட அதில் இல்லை. எதிரணியில் இருப்பவரையும் மதிப்போடு விளிக்க வேண்டும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் எழுத்துப் பிசகாமல் செய்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நல்ல உச்சரிப்பு என்றுதான் தோன்றியது.

"நீங்க பதில் சொல்லுங்கம்மா" என்றார் நெறியாளர். நாலாவது பொத்தானை அழுத்தினேன். அந்தப் பெண்மணி வாய் திறப்பதற்குள் மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். நெறியாளர் "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று கை காட்டிக்கொண்டிருந்தாரே தவிர வேறு யார் பெயரையும் சொல்லவில்லை. ஆகவே நான் பொத்தானைத் தொடவில்லை. ஒரே ஒரு தடவை அந்தப் பெண்மணியின் குரல் எல்லோர் குரலையும் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. "எந்த" என்ற ஒரு சொல்தான் வெளியே போனது; மீதியின் மேல் ஒலிக்காரர் பீப் வைத்துவிட்டார். 'பேமானி' என்று சொல்லியிருந்தார். பட்டியலில் இருந்த சொல் அது. பீப் சற்று நீண்டுதான் போனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முடிவில் கணக்குப் பார்த்தால் மற்ற மூவரும் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின். அந்தப் பெண்மணிக்கு ஏழு நிமிடம் நாற்பது விநாடி. எல்லோரையும்விட அதிகம். "இட்லி விக்கறவளுக்குத்தான் இன்னிக்கு ஜாஸ்தி டைம், தெரியுமோன்னோ?" என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் பீற்றிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து அந்தப் பெண்மணியிடமிருந்து நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த நிகழ்ச்சியின் துண்டு ஒன்றை யாரோ வாரியத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டதாகத் தெரியவருவதால் ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று அவர் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவர் கேட்டது அதிகமில்லை. இரண்டு நிமிடம் பேச விடுங்கள், அல்லது நான் அன்றே இல்லையென்று மறுத்தேன் என்று எழுதியாவது கொடுங்கள்.

நிலையத்தின் பதில் இப்படி இருந்தது: மற்ற மூவரையும்விடத் தங்களுக்கு அதிகமாக ஏழு நிமிடம் நாற்பது விநாடி வழங்கப்பட்டது. அந்நேரத்தில் தாங்கள் மேற்படி குற்றச்சாட்டை மறுத்ததாக ஒளிபரப்பில் இல்லை. மாறாக, கண்ணியக் குறைவான சொல்லைப் பயன்படுத்தியதால் அப்பகுதி நீக்கப்பட்டது. கூடவே என் நேரப் பதிவின் நகல் ஒன்று. நான் சான்று அளித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். கடிதத்தை முழுக்கப் படிக்கக்கூட இல்லை. ஒரு கையில் டீ இருந்தது.

பத்து நாள் கழித்து அவரே நேரில் வந்தார். செய்தி ஆசிரியர் இல்லை என்று வரவேற்பில் என்னைக் கூப்பிட்டார்கள். கையில் எங்கள் கடிதத்தை மடிப்பு மடிப்பாக வைத்திருந்தார்.

"நீங்கதான் டைம் எழுதினவங்களா?"

"ஆமாம்மா."

"ஏய் நிமிசம் நான் பேசினேன்னு போட்டுகீது."

"ஏழு நிமிஷம் நாப்பது செகண்ட்" என்று திருத்தினேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

"சரி, நாப்பது செகண்டும் வெச்சிக்கங்க. அதுல நான் இன்னா பேசினேன்? ஒன்னே ஒன்னு சொல்லுங்க பாப்போம்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததால் குரல் உயர்ந்தது. "கடிகாரம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. நாங்க யாருக்கும் கூடக் குறைச்சு வெக்கறதில்லை."

"அந்த மூணு பேரு கத்துனாங்களே, அது யாரு டைமு? அவுங்க டைமா, என் டைமா?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எலி வளைன்னாலும் தனி வளைம்பாங்க. அந்த ஏயாவது மாடி எனக்குப் புடிச்சா போனேன்? லிப்டு பாதி நாள் ஓடாது. இருந்தாலும் எம் பேர்ல கீது. இப்ப அதுவும் இல்லன்னா நான் எங்க போவேன்? வாரியத்துல அந்த சாரு உங்க லெட்டர படிச்சிட்டு இன்னா கேட்டாரு தெரியுமா? 'ஏய் நிமிசம் குடுத்துகீறாங்க, இல்லன்னு ஒரு வார்த்த நீ சொல்லலியேம்மா'ன்றாரு. வர்ற திங்கக்கெயம கடைசி நாளு."

அவர் போன பிறகு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல்தான். படித்தவள், நேர்மையாக வேலை பார்ப்பவள், என்னைப் போய்க் கேட்டுவிட்டாளே என்று. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். அத்தனையும் கடிகாரத்தைப் பற்றியே இருந்தன.

மறுநாள் காலையில் அந்த நிகழ்ச்சியை யூட்யூபில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை அவர் குரல் மட்டும் தனியாக, புரிகிற மாதிரி கேட்கும் விநாடிகளை எண்ணினேன். ஹிந்துவை விரித்துக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, ஆத்துலயும் மணி அடிக்க ஆரம்பிச்சுட்டியா?" அப்புறம் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முப்பத்தெட்டு விநாடி வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்தேழு. அந்த முப்பத்தெட்டு விநாடியிலும் அவர் சொன்னதெல்லாம் வணக்கம், ஐயா கொஞ்சம் இருங்க, நான் சொல்றத கேளுங்க, கேளுங்க.

"கேளுங்கோ கேளுங்கோன்னே பாவம் அவ டைம் பூராப் போயிடுத்தேடி" என்றார் கணவர். மீதி ஏழு நிமிடமும் மூன்று பேர் அவர் மேல் ஏறி நின்று கத்தியது. அத்தனையையும் அவர் பேசியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று பிள்ளைகளுக்கு வாக்கியத்தில் அமைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சாதம் இறங்கவில்லை.

செய்தி ஆசிரியரிடம் போனேன். முப்பத்தெட்டு விநாடிக் கணக்கை எடுத்து வைத்தேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, தன் அறைக் கண்ணாடி வழியே கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்த விதியைக் காட்டினார்.

"மேடம், அது நீங்க எழுதின ரூல்தானே?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

"இவங்களுக்கு மட்டும் மாத்தி எண்ணினா, நாளைக்கு எல்லாக் கட்சியும் அவங்கவங்களுக்கு மாத்தி எண்ணச் சொல்லுவான். ரெண்டு வருஷப் பதிவும் பொய்ன்னு ஆயிடும். தேர்தல் முடியட்டும், பாக்கலாம்."

"திங்கக்கிழமை அவங்களுக்குக் கெடு சார்."

"அது வாரியத்தோட கெடு மேடம். நம்மளோடது இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லாதபோது ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டவர். அவர் சொன்னதில் விதிப்படி ஒரு தப்பும் கிடையாது. என் வாயில் பிறந்த விதியை வைத்தே என்னை மடக்கினார், அதுதான் தாங்கவில்லை.

வெளியே வந்தபோது ஒலிக்காரர் வராந்தாவில் நின்றிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது. "நாலு மைக்கும் தனித்தனியா ரெக்கார்ட் ஆகும் மேடம். அவங்க மைக்க மட்டும் கேக்கறீங்களா?" என்றார் தாழ்ந்த குரலில்.

ஹெட்ஃபோனை மாட்டினேன். மற்ற மூவரின் கூச்சல் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி போல எங்கோ தூரத்தில் கேட்டது. அவர் குரல் மட்டும் காதுக்குள். நான் வாடகைக்கு வுடல. ராத்திரி எங்கூட்லதான் படுக்கறேன். காலைல இட்லி விக்கத்தான் வரேன். கரண்டு பில்லு கீது, கேஸ் புக்கு கீது, வந்து பாருங்க. ஐந்து தடவை, ஐந்து விதமாகச் சொல்லியிருந்தார். ஐந்தாவது தடவைதான் அந்தப் பீப். அதற்கு அடியில் முழு வாக்கியமும் பத்திரமாக இருந்தது: "எந்த பேமானி சொன்னான் நான் வூட்ட வாடகிக்கி வுட்டேன்னு?" மூன்று ஆண் குரல்களையும் தாண்டி உலகத்துக்குக் கேட்டிருக்கக்கூடிய ஒரே மறுப்பு அதுதான். ஒரு சொல்லுக்காக முழு வாக்கியத்தையும் மூடிவிட்டோம். ஒலிக்காரர் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. மறுத்து மறுத்து ஓய்ந்த பிறகு, அவர் குரல் தணிந்து, வேறு யாரையோ கூப்பிட ஆரம்பித்தது. "மேடம். என் டைம் ஓடிக்கினே கீது. மேடம், அத்த நிறுத்துங்க. மேடம்." ஸ்டூடியோவுக்குள் அவரைத் தவிர இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த மேடம் நான் ஒருத்திதான்.

அன்று மாலையே வாரியத்துக்கு என் கைப்பட ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நேரப் பதிவில் காட்டிய ஏழு நிமிடம் நாற்பது விநாடியில் அவர் குரல் கேட்டது முப்பத்தெட்டு விநாடியே. மீதி மற்றவர்களின் குரல். தனி மைக்கில் ஐந்து முறை அவர் குற்றச்சாட்டை மறுத்திருக்கிறார், அந்தப் பதிவு நிலையத்தில் இருக்கிறது, கேட்டு வாங்கலாம். பேமானி என்ற சொல்லையும் மறைக்காமல் எழுதி, அது எந்த வாக்கியத்தில் வந்தது என்பதையும் எழுதினேன். அவர் என்னைக் கூப்பிட்டதை எழுதவில்லை. வாரியத்துக்கு அது எதற்கு, வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்கு வேலை போய்விட்டது. அவருடைய விசாரணை இன்றுவரை முடியவில்லை. எனக்குப் போனது மாலை நேரத்து வேலை, அவருக்குப் போகக்கூடியது வீடு. இரண்டையும் ஒரு தட்டில் வைக்க மாட்டேன்.

கெடுவுக்கு முன்னால், சனிக்கிழமை காலையில் ராஜா அண்ணாமலைபுரம் போனேன். நடைப்பயிற்சி முடித்தவர்களும் ஆட்டோக்காரர்களும் தட்டோடு நின்றிருந்தார்கள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார், ஆனால் அவசரப்படவில்லை. கடைசி ஈட்டு இட்லியை இறக்கிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் நின்று மறுபடி மேலே போய்ப் படித்தார்.

"அஞ்சி வாட்டி இல்லன்னு சொன்னேன்னு எய்திகீறீங்க. சரி. பேமானின்னு சொன்னதயும் எய்திகீறீங்க."

"அதை விட்டா மீதியை நம்ப மாட்டாங்க."

"அதுவும் சரி." காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெறுமையாக இருந்தது. "உங்கள கூப்டேனே. அது எங்க?"

"அது வாரியத்துக்குத் தேவைப்படாதுன்னு..." என்று இழுத்தேன்.

"கண்ணாடிக்கு அந்தாண்ட தலைய குனிஞ்சி எய்திக்கினு இருந்தீங்க. நான் பாத்துக்கினே இருந்தேன். அந்த மூணு பேரும் வுட மாட்டானுங்கன்னு தெரியும்மா. அவனுங்க பொயப்பு அது. டைம் பாக்கறவங்க ஒரு பொம்பள உக்காந்துகீறாங்க, அவங்க பாத்தா நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதைக் கேட்பதும் என் சௌகரியத்துக்குத்தான் என்று தோன்றியது. "எழுதித் தரேன்" என்றேன்.

அவர் சட்னி வாளியை நகர்த்தி, பலகையில் ஓர் ஓரத்தை ஈரம் போகத் துடைத்தார். நான் காகிதத்தை வாங்கிப் பின்பக்கத்தில் எழுதினேன்: 'நேரம் குறித்த என்னை இவர் மூன்று முறை கூப்பிட்டார். நான் இவர் கண்ணெதிரேதான் இருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.' அவர் குனிந்து படித்துவிட்டு, அதற்குக் கீழேயும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.